கழல மறுக்கும் லேத் சக்: புதிதாகப் பட்டறைக்கு வந்தவர்களுக்கு

மார்கழியில் ஒரு நாள் ஏற்காட்டு எஸ்டேட் ஒன்றிலிருந்து போன் வந்தது. காப்பிப் பழத்தைத் தோலுரிக்கும் பல்ப்பர் மிஷினின் வார்ப்பிரும்புச் சக்கரத்தில் துளை தேய்ந்து ஆட்டம் கண்டுவிட்டது. அறுவடை நேரம். பறித்த பழத்தை அன்றைக்கே பல்ப்பரில் விட்டாக வேண்டும், இல்லையென்றால் குவியலுக்குள்ளேயே புளிக்க ஆரம்பித்துவிடும். "சக்கரத்தைக் கீழே இறக்கி சேலத்துக்கு அனுப்ப நேரமில்லைங்க. எங்க ஷெட்டிலேயே பழைய லேத் ஒண்ணு நிக்குது, நீங்க டூல் மட்டும் எடுத்துக்கிட்டு வாங்க" என்றார் கணக்கப்பிள்ளை.

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனேன். லேத் ஆறடி, பெல்ட் டிரைவ், பார்க்க நன்றாகவே இருந்தது. சக்கரம் 14 அங்குலம். லேத்தில் மாட்டியிருந்ததோ 8 அங்குல மூன்று ஜா சக், அதாவது வேலைத்துண்டை மூன்று தாடையால் கவ்வும் பிடி. அதைக் கழற்றி, பெரிய துண்டைக் கிளாம்ப் போட்டுப் பிடிக்கும் தட்டான ஃபேஸ் பிளேட்டை மாட்டினால்தான் துளையைத் திருத்திக் கடைந்து புஷ் (தேய்ந்த துளைக்குள் அடிக்கும் குழாய்த் துண்டு) போட முடியும். ஃபேஸ் பிளேட் மூலையில் பத்திரமாக இருந்தது. அதன் மேல் படிந்திருந்த தூசியைப் பார்த்தபோதே கொஞ்சம் பயம் வந்தது. "இந்தச் சக்கை கடைசியாக எப்போது கழற்றினீர்கள்?" என்று கேட்டேன். கணக்கப்பிள்ளை பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார்.

கழற்ற இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளில் செய்ததையும், அதற்கு முன் வேறு இடங்களில் செய்து கெடுத்ததையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இது எந்த வகை என்று பாருங்கள்

எல்லாச் சக்கும் மரையில் திருகி மாட்டுவதில்லை. சக்குக்குப் பின்னால், ஸ்பிண்டிலின் (சக்கைச் சுழற்றும் தண்டின்) மூக்குப் பகுதியில் வட்டமாகச் சுற்றி மூன்று அல்லது ஆறு சதுர ஓட்டை தெரிந்தால் அது கேம்லாக். சாவியை விட்டு ஒவ்வொன்றாகத் திருப்பினால் விட்டுவிடும். அதில் போய் நெம்புகோலைப் போட்டால் கேம்தான் உடையும். பின்னால் ஒரு பெரிய வளையம், அதில் கொக்கி ஸ்பேனர் மாட்டப் பள்ளம் என்று இருந்தால் அது நீள டேப்பர் வகை. வளையத்தைத் தளர்த்தினால் போதும். சிலவற்றில் சக் முகத்தின் வழியாகவோ பின்பக்கமிருந்தோ போல்ட் போட்டிருப்பார்கள்.

இது எதுவுமே இல்லாமல், சக்கின் பின்தட்டு நேராக ஸ்பிண்டிலின் தோளில் (தண்டு தடிக்கிற விளிம்பில்) போய் முட்டி நின்றால் அது மரை வகை. பழைய பெல்ட் லேத்துகளில் பெரும்பாலும் இதுதான். இந்தக் கட்டுரை இதற்கு மட்டும்.

மரை வகையிலும் ஒரு விஷயம் பாருங்கள். பேக் பிளேட்டின், அதாவது அந்தப் பின்தட்டின் கழுத்தில் சின்னதாக ஒரு கிரப் ஸ்குரூ (தலையில்லாத திருகு) ஒளிந்திருக்கலாம். ரிவர்ஸில் ஓட்டும்போது சக் கழன்று வராமல் இருக்க யாராவது துளை போட்டு வைத்திருப்பார்கள். மேலே எண்ணெய்ப் பிசுக்கும் பெயிண்டும் மூடியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் கழுத்தைச் சுற்றி ஒருமுறை நன்றாகத் துடைத்துவிட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். இதைப் பார்க்காமல் அரை நாள் நெம்பிய ஆள் எனக்குத் தெரியும். அது நான்தான்.

எந்தப் பக்கம் திருப்புவது, ஏன் இவ்வளவு இறுக்கம்

மரை வலது மரை. லேத்துக்கு முன்னால் வழக்கம்போல் நாம் நிற்கிறோம் என்றால், ஸ்பிண்டிலை அசையாமல் பிடித்துக்கொண்டு, சக்கின் தலைப்பக்கம் நம்மை நோக்கிக் கவிழ்கிற மாதிரி திருப்பினால் கழலும்.

புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் குழம்புவார்கள். ஏனென்றால் லேத் சாதாரணமாக ஓடும் திசையும் அதேதான். 'அப்படியென்றால் ஓடும்போதே கழன்று விழாதா?' என்று ஒரு பையன் என்னிடம் கேட்டான். நல்ல கேள்வி. ஸ்பிண்டில் முன்னால் சுற்றுகிறது, டூல் வேலைத்துண்டைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறது. அப்படி நிறுத்தப் பார்ப்பது சக்கை ஸ்பிண்டிலின் மேல் இன்னும் இறுக்குகிற திசையில்தான் வேலை செய்கிறது. ஆக, ஒவ்வொரு வெட்டும் சக்கைத் துளித் துளியாக முறுக்குகிறது. சதுரக் கம்பி, சாவிப் பள்ளம் போட்ட ஷாஃப்ட் என்று விட்டு விட்டு வெட்டுகிற வேலை என்றால் அது முறுக்கு இல்லை, சுத்தியடி. இப்படிப் பத்து வருஷம் அடி வாங்கிய சக் எப்படி இருக்கும்?

இதோடு துருவும் சேர்ந்துகொள்ளும். சேலத்து வறண்ட வெயிலில் பட்டறை இரும்பு அவ்வளவாகத் துருப்பிடிக்காது. மலை மேல் அப்படியில்லை. பனிமூட்டம் ஷெட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். காலையில் லேத்தின் பெட்டை (அடித்தளத்தை) தொட்டால் கை ஈரமாகும். அந்த ஈரம் மரைக்குள் இறங்கி, இரும்புத் தூளோடு சேர்ந்து சிமெண்ட் மாதிரி கட்டிவிடும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். சக்கை மையத்தில் நிறுத்துவது மரை இல்லை. மரைக்குப் பின்னால் இருக்கும் வழவழப்பான உருளைப் பகுதியும், அதற்குப் பின்னால் இருக்கும் தோளும்தான். மரையின் வேலை சக்கை இழுத்துத் தோளில் சாத்தி வைப்பது மட்டும். இறுக்கம் பெரும்பாலும் அந்தத் தோள் முகத்தில்தான் உட்கார்ந்திருக்கும். கடைசியில் ஒரு வழி சொல்கிறேன், அப்போது இது தேவைப்படும்.

பேக் கியரைப் போட்டு லாக் செய்யாதீர்கள்

எல்லாரும் முதலில் செய்வது இதைத்தான். ஸ்பிண்டில் சுற்றாமல் இருக்க, புல் கியரின் (ஸ்பிண்டிலில் இருக்கும் பெரிய பல்சக்கரத்தின்) ஊசியையும் விடாமல், வேகத்தைக் குறைக்கும் பேக் கியரையும் சேர்த்துப் போட்டால் ஸ்பிண்டில் பாறை மாதிரி நின்றுவிடும். கையால் அசைத்துப் பார்த்தால் நம்பிக்கையாகத்தான் இருக்கும். அப்புறம் சக்கில் கம்பியைப் பிடித்து ஓங்கி ஒரு அடி.

கொண்டலாம்பட்டிப் பக்கம் ஒரு பட்டறையில் நான் ஹெல்ப்பராக இருந்தபோது இப்படித்தான் அடித்தேன். 'டிங்' என்று மணி அடித்த மாதிரி சத்தம் கேட்டது. சக் கழன்றுவிட்டது என்று சந்தோஷமாகத் திரும்பினேன். பெட்டின் மேல் இரண்டு பல் கிடந்தது. மேஸ்திரி திட்டவில்லை. பல்லை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "வச்சுக்க கண்ணு, வீட்ல அம்மாகிட்ட காட்டு" என்றார். திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது.

காரணம் எளிது. அந்தக் கியர்கள் வார்ப்பிரும்பு. வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும், வளைவையும் அதிர்ச்சியையும் தாங்காது. நாம் அடிக்கிற அடி முழுதும் ஒன்றிரண்டு பல்லின் மேல்தான் விழுகிறது. கியர் பெட்டியால் வேகம் மாற்றும் கியர் ஹெட் லேத்திலும் இதே கதைதான், குறைந்த வேகத்தில் போட்டுவிட்டு அடிப்பது பெட்டிக்குள் இருக்கும் பல்லின் மேல் அடிப்பது.

சக்கைத் திருப்ப ஆயிரம் வழி இருக்கிறது. ஸ்பிண்டிலை எங்கே, எப்படிப் பிடிப்பது என்பதில்தான் பாதிக்கு மேல் வேலை. என்னிடம் வரும் பையன்கள் பெரிய நெம்புகோல் தேடி ஓடுவார்கள். நான் பிடிமானத்தைப் பார்க்கச் சொல்வேன்.

எண்ணெய் விட்டுக் காத்திருங்கள்

மெயின் சுவிட்சை அணைத்து, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இதைச் சம்பிரதாயமாகச் சொல்லவில்லை. நீங்கள் ஸ்பிண்டிலுக்குக் கட்டை கட்டியிருக்கும்போது யாராவது சுவிட்சைத் தட்டினால் அந்தக் கட்டை எங்கே போகும் என்று சொல்ல முடியாது. சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிடும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள்.

அப்புறம் பெட்டின் மேல், சக்குக்கு நேர் கீழே, சக்குக்கும் பெட்டுக்கும் நடுவே இடைவெளி அதிகம் இல்லாத மாதிரி ஒரு பலகை போடுங்கள். எட்டு அங்குல சக் சுமார் 15 கிலோ இருக்கும். கடைசி மரை விட்டதும் அது விழும். பெட்டில் விழுந்தால் பெட் போச்சு. நடுவில் விரல் இருந்தால் விரல் போச்சு.

எண்ணெய்க்கு வருவோம். இரண்டு வழியாக விட வேண்டும். ஒன்று, பேக் பிளேட்டும் தோளும் சேரும் பின்பக்க மூட்டில். இன்னொன்று, ஜாக்களை முழுதும் திறந்து, சக்கின் நடுத்துளை வழியாக ஸ்பிண்டில் மூக்கின் முன்முனைக்கு. பலர் பின்னால் மட்டும் விடுவார்கள். தோள் இறுகிப் பிடித்திருந்தால் அங்கே எண்ணெய் உள்ளே இறங்கவே இறங்காது. முன்பக்கம்தான் மரைக்குப் போகும் வாசல்.

எந்த எண்ணெய்? ஊடுருவும் ஸ்ப்ரே டப்பா கிடைத்தால் அது. இல்லையென்றால் டீசல் போதும். எஸ்டேட்டில் டீசல்தான் இருந்தது. ஊற்றிவிட்டு ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பேக் பிளேட்டின் விளிம்பில் பித்தளைத் துண்டை வைத்துச் சுத்தியால் லேசாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். சுற்றிலும் தட்டுங்கள், ஒரே இடத்தில் வேண்டாம். அந்த அதிர்வில்தான் எண்ணெய் உள்ளே இறங்கும். தட்டிவிட்டு ராத்திரி அப்படியே விட்டுவிட்டோம். அன்றைய பழத்தை ஜீப்பில் ஏற்றிப் பக்கத்து எஸ்டேட் பல்ப்பருக்கு அனுப்பினார்கள். கணக்கப்பிள்ளை முகம் சரியில்லை, ஆனால் டீ மட்டும் தவறாமல் வந்தது.

கையால் ஒரு முயற்சி

பெரிய ஏற்பாட்டுக்கு முன்னால் எளியதைச் செய்து பாருங்கள். லேத்தின் பின்பக்கம், ஒரு ஜாவுக்கு அடியில், பெட்டின் மேல் கெட்டியான மரக்கட்டையை முட்டுக் கொடுங்கள். ஜா கட்டையின் மேல் உட்காரட்டும். இப்போது பெல்ட்டைக் கையால் பிடித்து ஸ்பிண்டிலைப் பின்பக்கமாக, அதாவது ரிவர்ஸ் திசையில் வெடுக்கென்று இழுங்கள். ஸ்பிண்டில் பின்னால் போகப் பார்க்கும், சக் கட்டையில் மோதி நிற்கும். மிதமாக இறுகிய சக் இதிலேயே விட்டுவிடும். நாலைந்து தடவை இழுத்தும் விடவில்லையென்றால் விட்டுவிடுங்கள்.

இதையே மோட்டாரைப் போட்டு ரிவர்ஸில் தட்டிச் செய்கிறவர்கள் உண்டு. தைரியசாலிகள். சக் ஒரே தாவலில் கழன்று பலகையைத் தாண்டி உருண்டதை ஒருமுறை பார்த்தேன், அதற்கப்புறம் எனக்கு அந்த ஆசை வரவில்லை.

சக்கை விட்டு, பேக் பிளேட்டைப் பிடியுங்கள்

பெரும்பாலான சக்குகள் நேராக ஸ்பிண்டிலில் இல்லை. பேக் பிளேட் என்ற வார்ப்பிரும்புத் தட்டு மரையில் இருக்கும். சக் அந்தத் தட்டில் மூன்று அல்லது ஆறு போல்ட்டில் இருக்கும். போல்ட் தலை பின்பக்கமோ முன்பக்கமோ கைக்கு எட்டினால், முதலில் சக்கை மட்டும் பிரித்து எடுத்துவிடுங்கள். பிரிப்பதற்கு முன் சக்கிலும் தட்டிலும் நேர்க்கோட்டில் ஒரு சின்ன பஞ்ச் குறி போடுங்கள், திரும்ப அதே நிலையில் பொருத்த உதவும்.

இதில் இரண்டு லாபம். 15 கிலோ தலைச்சுமை போய்விடுகிறது. ஜாக்களை நெம்பிக் கெடுக்க வேண்டியதில்லை, நெம்புகோலை மாட்டத் தட்டிலேயே தயார் துளைகள் இருக்கின்றன. 50க்கு 12 மில்லிமீட்டர் பட்டையில் ஒரு மீட்டர் வெட்டி, இரண்டு துளை போட்டுத் தட்டில் போல்ட் செய்தால் இதைவிட நல்ல நெம்புகோல் கிடையாது.

போல்ட் எட்டவில்லை, சக்கோடுதான் திருப்ப வேண்டும் என்றால் தடிமனான அறுகோணக் கம்பியை மூன்று ஜாவும் நன்றாக ஆழத்தில் கவ்வுகிற மாதிரி பிடித்து, அதில் ஸ்பேனர் போடுங்கள். ஜாக்களுக்கு நடுவில் கடப்பாரையைக் குறுக்கே விட்டு நெம்புவது வேண்டாம். சக் கழலும்தான், அதற்குள் ஜா வழித்தடம் வாயைப் பிளந்துவிடும்.

ஸ்பிண்டிலைப் பிடிப்பது

எஸ்டேட் லேத்தில் நான் பிடித்தது கோன் புல்லியின் (பெல்ட் ஓடும் படிப் புல்லியின்) பெரிய படியை. புல் கியர் ஊசி உள்ளே இருக்க வேண்டும், அப்போதுதான் புல்லியும் ஸ்பிண்டிலும் ஒன்றாக இருக்கும். பேக் கியர் வெளியே இருக்க வேண்டும்.

இரண்டு வேலமரக் கட்டை. ஒன்று ஒரு அடி நீளம், இன்னொன்று மூன்றரை அடி. இரண்டிலும் புல்லியின் வளைவுக்குப் பாதிப் பாதியாக அரைவட்டம் வெட்ட வேண்டும். எஸ்டேட் தச்சர் புல்லியின் மேல் அட்டையை வைத்துக் கோடு இழுத்து, ரம்பத்தால் வெட்டி, அரத்தால் ராவிக் கொடுத்தார். இரண்டு கட்டையும் சேர்ந்தாலும் நடுவில் கால் அங்குலம் இடைவெளி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கட்டையும் கட்டையும்தான் இறுகும், புல்லி சும்மா சுற்றும். இரண்டு பக்கமும் அரை அங்குல போல்ட் போட்டு மாற்றி மாற்றிச் சமமாக இறுக்குங்கள். புல்லியும் வார்ப்பிரும்பு, உள்ளே கூடு. ஒரு பக்கம் மட்டும் இறுக்கினால் விளிம்பில் விரிசல் விடும்.

இதில் ஒரு சின்ன விஷயம் பெரிய வித்தியாசம் செய்யும். கச்சேரியில் வயலின்காரர் வில்லில் தேய்ப்பாரே, ரோசின், அதைப் பொடித்துக் கட்டையின் உள்வளைவில் தூவுங்கள். வில்லுக்கு ஏன் தேய்க்கிறார்களோ அதே காரணம்தான், கம்பியைப் பற்றிக்கொள்வதற்கு. புல்லியை அதற்கு முன் எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்திருக்க வேண்டும். ரோசின் இல்லாமல் முதலில் முயன்றபோது புல்லி கட்டைக்குள் கிறீச்சென்று வழுக்கியது. போட்டபிறகு அசையவில்லை.

நீளக் கட்டையின் கை நம் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கட்டும். சக்கை நம்மை நோக்கித் திருப்பும்போது ஸ்பிண்டிலும் கூடவே வரப் பார்க்கும், இந்தக் கை கீழே இறங்கப் பார்க்கும். அதன் அடியில் தரையிலிருந்து ஒரு முட்டுக்கால் கொடுத்துவிட்டால் முடிந்தது. தரை தாங்கிக்கொள்ளும். ஸ்பிண்டிலைத் தாங்கும் ஹெட்ஸ்டாக் வார்ப்பின் மேல் முட்டுக் கொடுக்காதீர்கள்.

கியர் ஹெட் லேத்தில் புல்லியைப் பிடித்தால் விசை கியர் வழியாகத்தான் போகும். அங்கே ஸ்பிண்டிலின் பின்துளையில் பிளவுபட்ட உருளை ஒன்றைச் செருகி, உள்ளே ஆப்பு இழுத்து விரியவைத்து, அதற்குக் கை வைத்துத் தரையில் முட்டுக் கொடுக்க வேண்டும். செய்ய ஒரு மணி நேரம் ஆகும், ஆனால் பெட்டிக்குள் இருக்கும் பல்லின் விலையைக் கேட்டால் அந்த ஒரு மணி நேரம் ஒன்றுமே இல்லை.

இழுக்கும் முறை

நெம்புகோலும் நம் பக்கம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், கிடைமட்டத்துக்குக் கொஞ்சம் மேலே. அதைக் கீழ்நோக்கி அழுத்துகிறோம். நெம்புகோலுக்கு அடியில் நாலு அங்குலம் விட்டு ஒரு கட்டை அடுக்கி வையுங்கள். சக் விடும்போது முன்னறிவிப்பே இருக்காது, 'டக்' என்று விட்டுவிடும். கட்டை இல்லையென்றால் உங்கள் எடை முழுதும் நெம்புகோலோடு கீழே போய் முகம் லேத்தின் கேரியேஜில் (டூலைத் தாங்கும் பகுதியில்) மோதும். ஒரு காலை முன்னால் வைத்து, கைகளை நீட்டி நில்லுங்கள். மேலே ஏறி உட்காராதீர்கள்.

ஒரு மீட்டர் நெம்புகோலின் முனையில் 60 கிலோ ஆள் சாய்ந்தால் 60 கிலோ-மீட்டர் முறுக்கு. சாதாரணமாக இறுகிய சக்குக்கு இது தாராளம். பைப் போட்டு நீட்டித்துக்கொண்டே போகாதீர்கள். அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொருவரை விட்டுப் பேக் பிளேட்டின் விளிம்பில் பித்தளை வைத்துச் சுருக்கென்று அடிக்கச் சொல்லுங்கள். நெம்புகோலின் மேல் அடிக்கக் கூடாது, தட்டின் விளிம்பில். நிலையான இழுப்பும் கூர்மையான தட்டும் சேரும்போது விடுகிற மாதிரி தனித்தனியாக எதுவும் விடுவதில்லை.

சேலத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி. லாரி ஊர் இது. சங்ககிரிச் சாலையில் டயர் கடைகளுக்குப் பஞ்சமில்லை. அங்கே இருக்கும் காற்று இம்பேக்ட் கன்னை ஒரு மணி நேரத்துக்கு வாங்கி, சக்கில் பிடித்த அறுகோணக் கம்பியில் மாட்டிக் கழற்றும் திசையில் அடித்துப் பாருங்கள். அதன் அடி ஒவ்வொன்றும் மிகக் குறுகியது, ஸ்பிண்டில் சுதாரித்துச் சுற்றுவதற்குள் அடி முடிந்துவிடும். அதனால் ஸ்பிண்டிலைக் கெட்டியாகப் பிடிக்காமலேயே பல சமயம் வேலை முடிந்துவிடும். மலை மேல் எனக்கு அந்த வசதி இல்லை.

சூடும் ஐஸும்

இரண்டாம் நாள் மதியம் வரை சக் அசையவில்லை. அடுத்தது சூடு.

இங்கே ஒரு கணக்கு. எஃகைவிட வார்ப்பிரும்பு சூட்டில் கொஞ்சம் குறைவாகவே விரியும். ஆகவே ஸ்பிண்டிலும் பேக் பிளேட்டும் சேர்ந்து சூடானால் ஒரு பிரயோஜனமும் இல்லை, இன்னும் இறுகத்தான் செய்யும். வெளியே தட்டு சூடாக இருக்க வேண்டும், உள்ளே ஸ்பிண்டில் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். 50 மில்லிமீட்டர் மரையில் இரண்டுக்கும் 60 டிகிரி வித்தியாசம் கொண்டுவந்தால் 0.03 மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கும். தலைமுடித் தடிமனில் பாதிகூட இல்லை, ஆனால் துருவின் கட்டு உடைய அது போதும்.

அதனால் ஐஸ் வேண்டும். ஏரிக்கரை ஜூஸ் கடைக்குப் போய் இரண்டு கிலோ ஐஸ் கேட்டேன். மார்கழி மூட்டத்தில் மங்கி குல்லா போட்டு உட்கார்ந்திருந்த கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "யாருக்குங்க காய்ச்சல்?" என்றார்.

ஐஸை நொறுக்கி, நீளமான பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி, பின்பக்கமாக ஸ்பிண்டில் துளைக்குள் மூக்கு வரை தள்ளினோம். பை முக்கியம், தண்ணீர் பேரிங்குக்குப் போகக் கூடாது. இருபது நிமிடம் விட்டோம். அதற்குள் தட்டின் மேல் இருந்த டீசலைத் துணியால் சுத்தமாகத் துடைத்தோம், நனைந்த துணியை வெளியே கொண்டுபோய்ப் போட்டோம். டீசல் ஈரத்தோடு சூடேற்றினால் புகை மட்டும் வராது. ஸ்ப்ரே எண்ணெய் அடித்திருந்தால் இன்னும் எச்சரிக்கை.

சூட்டுக்கு ஹீட் கன் மட்டும். கேஸ் வெல்டிங் டார்ச்சைக் கொண்டுவர ஒருவர் ஓடினார், தடுத்துவிட்டேன். டார்ச் ஒரே இடத்தைச் சுடும், வார்ப்பிரும்பில் விரிசல் விழும். சூடு ஸ்பிண்டில் வழியாக முன் பேரிங்குக்குப் போனால் அதைவிடப் பெரிய செலவு. ஹீட் கன்னைத் தட்டின் கழுத்தைச் சுற்றிச் சுற்றி நிற்காமல் காட்ட வேண்டும். தண்ணீர் சொட்டு விட்டால் 'சொய்ங்' என்று ஆவியாகும் அளவு வந்தால் போதும். கையை இன்னொரு பக்கம் ஹெட்ஸ்டாக்கில் வைத்துக்கொள்ளுங்கள், அது வெதுவெதுப்பைத் தாண்டினால் நிறுத்துங்கள்.

நெம்புகோலில் நான், சுத்தியில் தச்சர். முதல் தடவை விடவில்லை. ஆறவிட்டு, ஐஸ் மாற்றி, மறுபடி. ஆறும்போதும் சூடாகும்போதும் துரு நொறுங்கும் என்பதால் இரண்டாம் சுற்று வீணில்லை. மூன்றாவது சுற்றில், தச்சர் நாலாவது தட்டு தட்டியபோது, உலர்ந்த விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம். நெம்புகோல் நாலு அங்குலம் இறங்கிக் கட்டையில் உட்கார்ந்தது. புல்லிக் கட்டை வழுக்கிவிட்டதோ என்றுதான் முதலில் பார்த்தேன். இல்லை. தோளுக்கும் தட்டுக்கும் நடுவில் தகடு நுழைகிற அளவு கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது.

அதுவும் பலிக்கவில்லையென்றால்

பேக் பிளேட்டைப் பலி கொடுக்க வேண்டியதுதான். இதற்கு லேத்தே உதவும். கட்டையெல்லாம் அவிழ்த்துவிட்டு, ஃபியூஸைப் போட்டு, லேத்தைக் குறைந்த வேகத்தில் ஓட்டி, தட்டின் கழுத்தில், தோளை ஒட்டி ஒரு மில்லிமீட்டர் விட்டு, பார்ட்டிங் டூலால் (வெட்டிப் பிரிக்கும் மெல்லிய டூலால்) ஒரு பள்ளம் இறக்க வேண்டும். தோள் முகத்தில் அழுத்தி நிற்பது அந்தக் கடைசி மெல்லிய வளையம்தான். பள்ளம் ஆழமாக ஆக, வளையம் நெளிந்து கொடுக்கும், அழுத்தம் போய்விடும். ஸ்பிண்டிலின் உருளைப் பகுதியின் விட்டத்தை முன்கூட்டியே தெரிந்து வைத்திருங்கள். டூல் அதைத் தொடவே கூடாது, இரண்டு மில்லிமீட்டர் மிச்சம் வைத்து நிறுத்துங்கள். பிறகு திருப்பினால் கையோடு வரும். தட்டு போய்விட்டது என்று வருத்தப்பட வேண்டாம். தட்டு வார்த்துக் கடைந்துகொள்ளலாம், ஸ்பிண்டில் போனால் லேத்தே போன மாதிரி.

கழன்ற பிறகு

முதல் கால் சுற்று விட்டபின் அவசரப்படாதீர்கள். எண்ணெய் விட்டு, முன்னும் பின்னுமாக அசைத்து அசைத்துக் கழற்றுங்கள். காய்ந்த மரையில் ஒரே மூச்சாகத் திருப்பினால் மரையோடு மரை உரசிப் பிய்ந்துகொள்ளும்.

ஸ்பிண்டில் மரையை டீசலும் பிரஷ்ஷும் போட்டுக் கழுவுங்கள். தட்டுக்குள் இருக்கும் மரைக்கு, கெட்டிக் கம்பியின் முனையைக் கொக்கியாக வளைத்து மரையின் வடிவத்துக்குத் தீட்டி, பள்ளத்தோடு ஓட்டினால் வருஷக்கணக்கில் அடைந்த கறுப்புப் பிசின் சுருள் சுருளாக வரும். தோள் முகத்தில் ஏதாவது மேடு எழும்பியிருந்தால் எண்ணெய்க் கல்லால் லேசாக நீவுங்கள். அரம் கூடாது. டயல் கேஜை வைத்துத் தோள் முகத்தைச் சுற்றிப் பாருங்கள். முள் நூறில் இரண்டு பங்கு மில்லிமீட்டருக்குள் நின்றால் எனக்குத் திருப்தி.

திரும்ப மாட்டும்போது கையாலேயே மாட்டுங்கள். மரையில் மெல்லிய எண்ணெய் ஒரு துளி போதும். கிரீஸ் பூசினால் அது இரும்புத் தூளைச் சேர்த்துவைக்கும். மோட்டாரைப் போட்டு ஓடவிட்டுச் சக்கை மாட்டுவது நேரம் மிச்சம் மாதிரி தெரியும், கடைசியில் தோளில் மோதும் அந்த ஒரு அடியிலேயே அடுத்த தகராறுக்கு விதை போட்டுவிடும். தோளுக்கு நடுவில் காகித வாஷர் போட்டால் ஒட்டாது என்று சொல்வார்கள். மர லேத்துக்குச் சரி. உலோகம் கடைகிற லேத்தில் முகம் முகத்தோடு நேராக உட்கார வேண்டும். அப்புறம், ஆயுத பூஜைக்கு லேத்தைத் துடைத்துப் பொட்டு வைக்கிறோமில்லையா, அன்றைக்கு ஒருமுறை சக்கைக் கழற்றி மாட்டிவிட்டால் குறைந்தது வருஷத்துக்கு ஒரு தடவை மரை அசைந்திருக்கும்.

எஸ்டேட்டில் ஃபேஸ் பிளேட்டை மாட்டி, சக்கரத்தைக் கிளாம்ப் போட்டு நடுப்படுத்தி, எதிர்ப்பக்கம் பழைய கியர் ஒன்றை எடைக்குக் கட்டி, மெதுவான வேகத்தில் துளையைத் திருத்தி, புஷ் அடித்து முடித்தபோது ராத்திரி எட்டு மணி. கணக்கப்பிள்ளை சக்கரத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பலகையின் மேல் கிடந்த சக்கை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதை எங்கிங்க வைக்கிறது?" என்றார்.

"கழுவிட்டு, எண்ணெய் தடவி, சாக்குப்பையில சுத்தி அலமாரில வைங்க" என்றேன். "அடுத்த வருஷம் ஃபேஸ் பிளேட்டைக் கழற்ற என்னைக் கூப்பிடாம இருக்கணும்னா, அறுவடை முடிஞ்சதும் அதையும் ஒரு தடவை கழற்றி வைங்க."